நூம்பல் வீட்டுக்கு ரெண்டு பார்ட்டி

வீடு வாங்கப் புறப்படுகிற எந்த மனிதனும் கொஞ்ச நாளில் தன்னை ஒரு நிபுணன் என்று நம்ப ஆரம்பித்துவிடுவான். எனக்கு அந்தக் கொஞ்ச நாள்கூடத் தேவைப்படவில்லை. வீட்டுத் தரகு ஆப்பை ஃபோனில் இறக்கி முடித்தபோதே நிபுணனாகிவிட்டேன்.

அப்போது எங்களுக்கு அம்பத்தூரில் இரண்டாவது மாடியில் ஒரு ஃப்ளாட் இருந்தது. எங்களுக்கு என்றால் எனக்கும், என் மனைவி கலைவாணிக்கும், மகள் யாழினிக்கும். எனக்குச் சொந்த ஊர் அருப்புக்கோட்டை, கலைவாணிக்கு ஆரணி. நான் தொழிற்பேட்டை எஸ்டேட் பக்கம் ஒரு ஐ.டி. கம்பெனியில் டெஸ்டிங் பிரிவில் இருக்கிறேன். அடுத்தவர் செய்த வேலையில் குற்றம் கண்டுபிடிப்பதற்குச் சம்பளம். (வீட்டில் அதே வேலையைக் கலைவாணி சம்பளமில்லாமல் பார்க்கிறாள்.) அவள் திருமுல்லைவாயிலில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர்.

யாழினி வளர வளர ஃப்ளாட் சுருங்கிக்கொண்டே போனது. இதை விற்றுவிட்டுக் கொஞ்சம் தள்ளியாவது தனி வீடாக வாங்கிவிடலாம் என்று முடிவெடுத்தோம். தெரு முனையில் உட்கார்ந்திருக்கும் புரோக்கரிடம் போகக்கூடாது, எல்லாம் ஆன்லைனில்தான் என்று நான் சட்டம் போட்டேன். ஒரு ஆன்லைன் வீட்டுத் தரகு கம்பெனி இருந்தது. அவர்களுடைய ஆப்பில் வீட்டின் படங்களைப் போட்டால், வேண்டியவர்கள் பார்த்துவிட்டு அதிலேயே விலை சொல்வார்கள். இரண்டு பக்கத்துக்கும் நடுவில் கம்பெனி ஆள் ஒருவர் ஃபோனில் பேசுவார். எங்களுக்கு வாய்த்தவர் நிவேதிதா என்ற பெண். முகம் பார்த்ததில்லை, குரல் மட்டும்தான். “பாத்துக்கலாம் சார்” என்ற இரண்டே சொற்களை வைத்துக்கொண்டு ஆறுதல், எச்சரிக்கை, சலிப்பு எல்லாவற்றையும் சொல்லத் தெரிந்த குரல்.

ஃப்ளாட்டின் படங்களை முதலில் நான்தான் எடுத்தேன். திருட்டு நடந்த வீட்டைப் போலீஸ்காரர் எடுத்த படங்கள் மாதிரி வந்திருந்தன. ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை கலைவாணி துணிக்கொடியை அவிழ்த்து, செருப்பு ஸ்டாண்டைக் கட்டிலுக்கடியில் தள்ளி, கிழக்கு ஜன்னலில் வெயில் விழும் நேரம் பார்த்துக் காத்திருந்து மறுபடி எடுத்தாள். அந்தப் படத்தில் எங்கள் ஹாலைப் பார்த்தபோது, இவ்வளவு நல்ல வீட்டில் இருக்க எனக்கு வசதி இருக்கிறதா என்றே சந்தேகம் வந்தது. ஃப்ளாட் மளமளவென்று விலைபோனது. ஆபீசில் எல்லோரிடமும், “நான் வித்துட்டேன்” என்று சொல்லிக்கொண்டேன். (வாக்கியத்தில் இருந்த அந்த ‘நான்’ கலைவாணி காதுக்குப் போகவில்லை. போயிருந்தால் கதை இங்கேயே முடிந்திருக்கும்.)

வாங்கினவர்கள் கோடை விடுமுறைக்குள் காலி செய்து தரச் சொன்னார்கள். சரி என்று கையெழுத்துப் போட்டோம். அதன் பிறகுதான் எங்களுக்குப் போக இடமில்லை என்பது உறைத்தது.

வாரக் கடைசியெல்லாம் வீடு பார்த்தோம். சென்னீர்குப்பத்தில் நெடுஞ்சாலையை ஒட்டி ஒரு வீடு எனக்குப் பிடித்தது. காரை எடுத்தால் நேராக ரோடு. கலைவாணி அங்கே ஹாலில் நின்று ஏதோ சொன்னாள், லாரி ஹாரனில் எனக்குக் கேட்கவில்லை. “இதைத்தான் சொன்னேன்” என்றாள். குத்தம்பாக்கத்தில் அவளுக்கு ஒன்று பிடித்தது. பஸ் ஸ்டாண்டு வருகிறது, ஊர் பெருகும் என்றாள். ஊர் பெருகுவதற்குள் எனக்கு ரிட்டயர்மென்ட் வந்துவிடும் என்றேன். ஆவடியில் பார்த்தது இரண்டு பேருக்குமே பிடித்தது, ஆனால் ஒருவருக்குப் பிடித்ததை இன்னொருவர் ஒத்துக்கொள்கிற பழக்கம் அதற்குள் எங்களிடம் போய்விட்டிருந்தது. திரும்பி வருகிற வழியெல்லாம் காருக்குள் சண்டை. பின் சீட்டிலிருந்து யாழினி, இனிமேல் தன்னை வீடு பார்க்கக் கூப்பிட வேண்டாம், வாடகை வீட்டைப் பார்க்கக்கூடத் தான் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டாள்.

கடைசியில் ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தோம். இனி சேர்ந்து பார்ப்பதில்லை. அவரவர் தனியாகத் தேடுவது, இதுதான் என்று உறுதியான பிறகு மட்டும் வாயைத் திறப்பது. அன்றிலிருந்து வீட்டில் அமைதி நிலவியது. அந்த அமைதியை நான் நம்பினேன்.

நூம்பல் வீட்டை நான் பார்த்தது அப்போதுதான். வேலப்பன்சாவடியில் நெடுஞ்சாலையை விட்டு உள்ளே திரும்பிப் போனால், வயலாக இருந்த இடத்தில் மனை போட்டு வரிசையாக வீடுகள் வந்துகொண்டிருக்கும். அதில் நடுவாந்திரமாக ஒரு தனி வீடு. இரண்டு படுக்கையறை, வெளிப்பக்கம் மாடிப்படி, பின்னால் ஒரு சப்போட்டா மரம். வீட்டுக்காரர் பெயர் எத்திராஜ். அவருடைய அப்பா, அம்மா அதே வயல்களில் கூலி வேலை செய்தவர்கள். அவர் திருமழிசை எஸ்டேட்டில் மெஷின் ஆபரேட்டராக இருந்து, ஒவ்வொரு அறையாகக் கட்டிச் சேர்த்த வீடு அது. மகளைக் குத்தம்பாக்கத்தில் கட்டிக்கொடுத்திருந்தார். அவளுக்கு இரட்டைக் குழந்தைகள். அவளும் வேலைக்குப் போவதால் பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள அங்கேயே குடிபோக முடிவெடுத்திருந்தார்கள்.

நான் மொட்டை மாடிக்குப் போனேன். காற்று சட்டைக்குள் புகுந்து உப்பியது. வாங்கிவிட வேண்டும் என்று அங்கேயே தீர்மானித்துவிட்டேன். கீழே வந்து ஒரு குழாயைத் திறந்து பார்த்தேனா, ஒரு சுவரைத் தட்டிப் பார்த்தேனா, ஒன்றுமில்லை. வருஷக்கணக்காக டெஸ்டிங்கில் இருக்கும் ஆள்.

கலைவாணியிடம் சொல்லப் பயம். நூம்பலிலிருந்து அவளுடைய பள்ளிக்கூடம் தூரம். சொன்னால் அந்த ஒரு காரணத்தால் வீடே கைநழுவிவிடும். அதனால் முதலில் விலையை முடித்துக்கொண்டு, பிறகு அவளை நேராக மாடிக்கு ஏற்றிக் காற்று வாங்க வைத்துவிட்டால் போதும் என்று திட்டம் போட்டேன். அன்றைக்கே ஆப்பில் என் விலையைப் பதிவு செய்தேன்.

மறுநாள் நிவேதிதா கூப்பிட்டாள். இன்னொரு பார்ட்டியும் இந்த வீட்டைக் கேட்கிறார்கள், என்னைவிடக் கூடுதலாகச் சொல்லியிருக்கிறார்கள் என்றாள். யார் என்று கேட்டேன். அதைச் சொல்லக்கூடாது சார், கம்பெனி விதி என்றாள். நான் ஏற்றினேன். அவர்கள் ஏற்றினார்கள். நான் மறுபடி ஏற்றினேன்.

அந்த எதிர்ப் பார்ட்டி வெறுமனே விலை ஏற்றுகிற ஆளாக இருந்திருந்தால் நான் கோபத்தோடு நிறுத்தியிருப்பேன். ஆனால் நிவேதிதா சொல்லச் சொல்ல எனக்கு அந்த ஆள்மேல் ஒரு மரியாதை வளர ஆரம்பித்தது. மழைக்காலத்தில் தெருவில் தண்ணீர் எதுவரை நிற்கும் என்று அவர்கள் அக்கம்பக்கத்து வீடுகளிலேயே போய்க் கேட்டிருக்கிறார்கள். மோட்டார் போடச் சொல்லி, தொட்டி நிறைகிறவரை கீழே நின்று பார்த்திருக்கிறார்கள். நாளைக்குத் தெருவுக்கு ரோடு போட்டு உயர்த்தினால் வீட்டுத் தரை பள்ளமாகிவிடுமா என்று வாசற்படியின் உயரத்தைப் பார்த்திருக்கிறார்கள். பின்பக்கச் சுவரில் தொட்டிக்குக் கீழே ஈரம் இருப்பதைக் காட்டி அதற்கும் விளக்கம் கேட்டிருக்கிறார்கள். இதையெல்லாம் சொல்லிவிட்டு, “உங்களுக்கு ஏதாவது கேக்கணுமா சார்?” என்றாள் நிவேதிதா.

யோசித்துப் பார்த்து, மாடியில் காற்று வருஷம் முழுக்க அப்படித்தான் வருமா என்று கேட்டேன்.

“பாத்துக்கலாம் சார்” என்றாள். சலிப்பு ரகம்.

எதிராளியை எப்படி இருப்பார் என்று கற்பனை செய்துகொண்டேன். நரைத்த மீசை, சட்டைப் பையில் பேனா, பொதுப்பணித்துறையில் இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவர். தொட்டி நிறைவதை நின்று பார்க்கிற பொறுமை வேறு யாருக்கு இருக்கும்? அவர் கேட்ட கேள்விகளை எல்லாம் மனப்பாடம் செய்து, ஆபீசில் வீடு தேடிக்கொண்டிருந்த இன்னொருவருக்கு என்னுடைய அனுபவ அறிவு போல எடுத்துச் சொன்னேன். அவர் மெய்மறந்து கேட்டார்.

வீட்டில் என் முகவாட்டத்தைக் கலைவாணி கவனித்துவிட்டாள். இரவுச் சாப்பாட்டின்போது, ஆபீசில் ஏதாவது பிரச்னையா என்றாள். நான் உண்மையை ஆபீசுக்கு இடம் மாற்றிச் சொன்னேன்.

“எனக்கு எதிரா ஒருத்தன் நிக்கிறான், கலை. ஆனா சும்மா சொல்லக்கூடாது. அந்த மாதிரி ஒரு மூளையை நான் பாத்ததே இல்ல. நான் பத்து தடவை பாத்தாலும் கண்ணுல படாத விஷயம் அவனுக்கு ஒரே தடவைல பட்டுடுது. அப்படி ஒரு ஆள் நம்ம பக்கம் இருந்தா எப்படி இருக்கும்னு நினைச்சுக்கறேன்.”

கலைவாணி இரக்கத்தோடு இன்னொரு கரண்டி ரசம் ஊற்றினாள். பிறகு அவளும் பெருமூச்சு விட்டாள். அவளுக்கும் பள்ளிக்கூடத்தில் அதே மாதிரி ஒரு தொல்லையாம், ஆனால் நேர் எதிரான ரகமாம்.

“எனக்கு வாய்ச்சது வடிகட்டின முட்டாள். எதையும் விசாரிக்கறதில்ல, யோசிக்கறதில்ல. நான் ஒரு அடி வச்சா, கண்ணை மூடிக்கிட்டு ரெண்டு அடி வச்சிடறான். அவனாலதான் எனக்கு எல்லாம் கெட்டுப்போகுது.”

எனக்கு ரத்தம் கொதித்தது. என் மனைவியை ஒரு முட்டாள் வாட்டுவதா? அந்த மாதிரி ஆளிடம் விட்டுக்கொடுத்தால் தலையில் ஏறி உட்காருவான், விடாதே, இறங்கி அடி என்று அவளுக்குத் தைரியம் சொன்னேன். நீங்களும் அந்தக் கெட்டிக்காரனுக்குப் பயந்து பின்வாங்கக்கூடாது என்று அவள் எனக்குச் சொன்னாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் நாங்கள் ஒருவரை ஒருவர் இவ்வளவு மனதாரத் தாங்கிப் பிடித்ததில்லை. மறுநாள் காலையில் எதிர்ப் பார்ட்டி விலையை ஏற்றியிருந்தார்கள். கலைவாணி சொன்ன தைரியத்தில் நானும் ஏற்றினேன். அடுப்படியில் தோசைக்கல் ‘டங்’கென்று விழுந்தது. என்னவென்று எட்டிப் பார்த்தேன். கை தவறிவிட்டது என்றாள், ஃபோனைப் புடவை மடிப்பில் செருகியபடி.

(இந்த இடத்தில் உங்களுக்கு எல்லாம் புரிந்திருக்கும். எனக்குப் புரியவில்லை. நான் எதிரில் உட்கார்ந்து தோசை சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.)

விலை எங்கள் சக்தியைத் தாண்டி எங்கோ போய்விட்டது. காரை விற்றுவிடலாமா என்று யோசிக்கும் நிலைக்கு வந்தேன். காலி செய்ய வேண்டிய நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. அப்போதுதான் எத்திராஜே நேராக எனக்கு ஃபோன் செய்தார்.

“சார், நீங்க ரெண்டு பேரும் போன்லயே ஏத்திகினு போறீங்க. நான் கேட்டது ஒண்ணு, இப்ப ஓடறது ஒண்ணு. எனுக்கே பயமா கீது சார். மூஞ்சிய பாத்து பேசிக்கலாம். ரெண்டு பார்ட்டியும் சனிக்கெழம ஊட்டாண்ட வந்துடுங்க.”

அதிக விலை வந்தால் பயப்படுகிற மனிதரை அதற்கு முன்னும் பின்னும் நான் பார்த்ததில்லை. நிவேதிதாவும் தானே வருவதாகச் சொன்னாள். எனக்கு உள்ளூர ஒரு சந்தோஷம். அந்த இன்ஜினியரை நேரில் பார்க்கப் போகிறேன். தோற்றாலும் கை குலுக்கிவிட்டு வரலாம்.

சனிக்கிழமை காலை, ஆபீசில் அவசர வேலை என்று கலைவாணியிடம் சொன்னேன். அவளுக்கும் பூந்தமல்லியில் டீச்சர்களுக்குப் பயிற்சி வகுப்பு என்றாள். என் நீலச் சட்டையை அவளே இஸ்திரி போட்டுக் கொடுத்தாள். இன்றைக்கு அந்தக் கெட்டிக்காரனை விடாதீங்க என்று வாழ்த்தினாள். அவளுடைய ஸ்கூட்டரில் காற்று குறைவாக இருந்தது. நானே பம்பை எடுத்து வந்து, வியர்க்க வியர்க்க அடித்து அனுப்பி வைத்தேன். உன் முட்டாளும் இன்றோடு ஒழியட்டும் என்றேன்.

அவள் யாழினியைத் தோழி வீட்டில் விட்டுவிட்டுப் போக வேண்டியிருந்ததால் நான்தான் பைக்கில் முதலில் நூம்பல் போய்ச் சேர்ந்தேன். எத்திராஜ் ஹாலில் பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டிருந்தார். அவர் மனைவி மோர் கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போனார். நிவேதிதா ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். குரலை வைத்து நான் நினைத்திருந்ததைவிடச் சின்னப் பெண்.

எதிராளி வருவதற்குள் வீட்டுக்காரரைக் கவர்ந்துவிட வேண்டும் என்று பேச்சை ஆரம்பித்தேன். வீட்டில் கலந்து பேசிவிட்டுச் சொல்கிறேன் என்று இழுக்கிற ஆள் நானில்லை, முடிவெடுத்தால் எடுத்ததுதான் என்றேன். உங்கள் வீட்டுக்காரம்மா வந்து பார்க்கவே இல்லையே, அவங்களுக்குப் பிடிக்க வேண்டாமா என்று எத்திராஜ் கேட்டார். அந்தக் கேள்வியை நான் ஒரு வாய்ப்பாக எடுத்துக்கொண்டேன்.

“அதைப் பத்திக் கவலையே வேண்டாம். நான் சொன்னா சொன்னதுதான். என் வொய்ஃப் வாயே திறக்க மாட்டாங்க” என்றேன். காலை வேறு தூக்கி இன்னொரு கால்மேல் போட்டுக்கொண்டேன்.

எத்திராஜ் தலையாட்டிக்கொண்டார். “அந்த பார்ட்டி வேற மாரி சார். அந்தம்மா ஊட்டுக்காரருக்கு இன்னும் சொல்லவே இல்லியாம். அவருக்கு இதெல்லாம் ஒண்ணும் தெரியாது, முடிச்சிட்டுதான் சொல்லணும்னு சொல்லிச்சு. தோ, வந்துகினு கீறாங்க.”

பார்ட்டி ஒரு பெண் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. நரைத்த மீசையும் பேனாவும் மனதில் கலைந்துகொண்டிருக்கும்போதே வாசலில் ஒரு ஸ்கூட்டர் நின்றது. அந்த ஸ்கூட்டரின் டயரில் காற்று மிக நன்றாக இருந்தது.

கலைவாணி செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தாள். என்னைப் பார்த்தாள்.

மனித மூளை இப்படிப்பட்ட நேரத்தில் எப்படி வேலை செய்யும் என்று எனக்குத் தெரியாது. என்னுடையது வேலை செய்யவில்லை. இரண்டு பேரும் முன்பின் தெரியாதவர்கள் போல இருந்துவிட்டால் எப்படியாவது சமாளித்துவிடலாம் என்று ஏதோ ஒரு எண்ணம். சட்டென்று எழுந்து நின்றேன். கையைக் காட்டி, நாற்காலியை நகர்த்திப் போட்டு, என் சொந்த மனைவியிடம் சொன்னேன்:

“வாங்க மேடம், உக்காருங்க. வர்ற வழியில டிராஃபிக்கா?”

ஸ்டெப்ஸ் எதுவும் எழுதாமல் விடையை மட்டும் எழுதி, அதையும் தப்பாக எழுதிவைத்த பையனை ஒரு கணக்கு டீச்சர் எப்படிப் பார்ப்பாரோ அப்படி ஒரு பார்வை பார்த்தாள். பிறகு எத்திராஜின் பக்கம் திரும்பி, குரல் கொஞ்சமும் பிசகாமல், “அண்ணே, இவர்தான் என் வீட்டுக்காரர்” என்றாள்.

எத்திராஜ் என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார். கேலியே இல்லாமல், உண்மையிலேயே தெரிந்துகொள்ள விரும்புகிறவர் மாதிரி மெதுவாகக் கேட்டார்.

“வாயே தொறக்க மாட்டாங்கன்னு சொன்னது இவங்கள தானா சார்?”

நிவேதிதா ஹெல்மெட்டைத் தூக்கித் தலையில் மாட்டிக்கொண்டாள். வண்டி ஓட்டுவதற்காக அல்ல. தோள்கள் குலுங்கின. அடுப்படிப் பக்கமிருந்தும் ஏதோ பாத்திரத்தால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிற மாதிரி ஒரு சத்தம் வந்தது. நான் தூக்கிப் போட்ட கால் எப்போது இறங்கியது, எப்போது நாற்காலியின் நுனிக்கு வந்தேன் என்பதெல்லாம் நினைவில்லை. தரை மொசைக்கில் என்ன டிசைன் என்பது மட்டும் இன்றைக்கும் கண்ணை மூடினால் தெரியும்.

இதற்கு மேல் நடந்ததற்குத்தான் நான் கலைவாணியைக் காலமெல்லாம் மெச்ச வேண்டியிருக்கிறது. அந்த இடத்தில் என்னை வெளுத்து வாங்கியிருக்கலாம். அல்லது கூச்சப்பட்டு எழுந்து போயிருக்கலாம். எனக்குத் தோன்றியது போல ஏதாவது கதை கட்டியிருக்கலாம். அவள் உட்கார்ந்தாள். மோரைக் குடித்தாள். அவளுடைய தம்பி சரவணன் பெயரில் ஆப்பில் பதிவு செய்திருந்ததையும், ஃப்ளாட் விற்ற கணக்கு என்னுடைய பெயரில் இருந்ததால், அதில் கேட்டால் எனக்குத் தெரிந்துவிடும் என்று அப்படிச் செய்ய வேண்டிவந்ததையும் நிவேதிதாவுக்கு விளக்கினாள். நாங்கள் இரண்டு பேரும் சொன்ன விலைகளை எடுத்துவிடச் சொன்னாள். பிறகு எத்திராஜிடம் பேசினாள்.

“தப்பு எங்க மேலதான் அண்ணே. ஒருத்தருக்கொருத்தர் தெரியாம ஏத்திக்கிட்டோம். உங்களுக்கு அந்த விலைதான் வேணும்னா கேக்கறதுல நியாயம் இருக்கு. ஆனா எங்களால முடியாது. நாங்க எழுந்து போயிடறோம், நீங்க வேற ஆளைப் பாருங்க.”

விடுமுறையில் ஃப்ளாட்டைக் காலி செய்ய வேண்டும், வீடு இல்லை, இந்த வீடும் போனால் சாமான்களை எங்கே இறக்குவது? குறைந்தபட்சம் கொஞ்சம் பேரம் பேசக்கூடாதா? வாய் திறக்கப் போனேன். சற்று முன்னால் திறந்ததன் பலன் நினைவுக்கு வந்தது. மூடிக்கொண்டேன்.

எத்திராஜ் எழுந்து அடுப்படிக்குப் போய் மனைவியோடு பேசினார். கலைவாணி என் பக்கம் திரும்பவில்லை. திரும்பி வந்த எத்திராஜ் நிற்கிறபடியே சொன்னார்.

“நான் மொதல்ல சொன்னதுதான் வெல. அதுக்கு மேல ஏறினது இந்த ஊட்டுக்காக இல்ல, நீங்க ரெண்டு பேரும் போட்டுகின சண்ட. உங்க ஊட்டு சண்டைல நான் எதுக்கு சம்பாரிக்கணும்?”

எனக்கு அவர் காலில் விழலாம் போலிருந்தது. யாராக இருந்தாலும் அந்த நேரத்தில் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுச் சரி என்று சொல்லியிருப்பார்கள். கலைவாணியும் கும்பிட்டாள். கும்பிட்ட கையை இறக்கிவிட்டு, “அப்ப அந்தத் தொட்டிக்குக் கீழ இருக்கற ஈரத்துக்கு என்ன பண்ணலாம்ணே?” என்றாள்.

ஹெல்மெட்டுக்குள் நிவேதிதாவின் மூச்சே நின்றுவிட்டது. எத்திராஜ் அவளைப் பார்த்தார். முகம் மெல்ல விரிந்தது. வெலையில ஒண்ணும் கொறைக்க மாட்டேன், ஒழுவறதை ஆளு வெச்சு நானே பூசிக் குடுக்கறேன் என்றார். சொல்லிவிட்டு என்னிடம் திரும்பி, “சார், நீங்க வாய தொறக்காம இருக்கறதுதான் சார் நல்லது” என்று அன்போடு சேர்த்துக்கொண்டார்.

முன்பணம் கொடுத்துவிட்டுக் கிளம்பினோம். அவள் ஸ்கூட்டரில் முன்னால், நான் பைக்கில் பின்னால். திருவேற்காடு தாண்டி ஒரு டீக்கடையில் அவள் வண்டியை ஓரங்கட்டினாள். இதோ வரப்போகிறது என்று நினைத்துக்கொண்டு நானும் நிறுத்தினேன். இரண்டு டீ சொன்னாள். நானே ஆரம்பித்தேன். உனக்குப் பள்ளிக்கூடம் தூரமாயிடுமே என்றுதான் முதலில் சொல்லவில்லை என்றேன். அவளோ, எனக்குக் கார் நிறுத்த ஷெட் இல்லையே, சொன்னால் அந்த ஒன்றுக்காக நான் வேண்டாம் என்று சொல்லிவிடுவேன் என்று பயந்தாளாம். அவள் ஒரு புதன்கிழமை பள்ளிக்கூடம் விட்டுப் போய்ப் பார்த்திருக்கிறாள். அவளுக்கு முதலில் பிடித்தது பின்னால் இருந்த சப்போட்டா மரமாம்.

“அப்ப அந்த வடிகட்டின முட்டாள்...” என்று இழுத்தேன்.

“நீங்கதான்” என்றாள், ஒரு நொடிகூடத் தாமதிக்காமல். பிறகு டம்ளரைக் கையில் உருட்டிக்கொண்டே, வேறு குரலில் கேட்டாள்.

“ஆபீஸ்ல ஒருத்தன் இருக்கான், அந்த மாதிரி மூளையை நான் பாத்ததே இல்லன்னு சொன்னீங்களே. அது நானா?”

ஆமாம் என்றேன்.

“என்னைன்னு தெரியாம இருந்தாதான் என்னைப் பத்தி நல்லதா நாலு வார்த்தை வருமா உங்களுக்கு?”

அவள் சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். ஃப்ளாட்டின் படங்களை எடுத்தது அவள், விற்றது நான் என்று சொல்லிக்கொண்டு திரிந்தது நினைவுக்கு வந்தது. மழைத் தண்ணீரை விசாரித்த, தொட்டி நிறைகிறவரை நின்ற, படியின் உயரம் பார்த்த அந்த மகா புத்திசாலியின் முகத்தை நான் எங்கெங்கோ தேடிக்கொண்டிருந்தேன். தினமும் எனக்கு ரசம் ஊற்றிக்கொண்டிருந்த முகம் அது. டீக்கு நான் காசு கொடுக்கப் போனேன். அவள் ஏற்கெனவே கொடுத்துவிட்டிருந்தாள்.

கோடை விடுமுறை முடிவதற்குள் நூம்பலுக்குக் குடிவந்துவிட்டோம். அந்த மழைக்காலத்தில் தெருவில் தண்ணீர் நின்றது. கலைவாணி விசாரித்து வைத்திருந்தபடியே எங்கள் இரண்டாவது படியோடு நின்றுகொண்டது. பின்பக்கச் சுவர் காய்ந்தே இருந்தது.

விஷயம் வெளியே போகாது என்று நினைத்தேன். சரவணன் தன் ஆபீசிலிருந்து ஆரணியில் உள்ள அத்தனை சொந்தத்துக்கும் அன்றைக்கே ஃபோன் போட்டுச் சொல்லிவிட்டிருந்தான். எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் யாராவது ஒருவர் கலைவாணிக்கு நாற்காலியை இழுத்துப் போட்டு, என் பக்கம் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே, “வாங்க மேடம், உக்காருங்க” என்பார்கள். எங்கள் தெருவில் எத்திராஜ் பரப்பிவிட்டுப் போயிருந்தார். கேஸ் சிலிண்டர் கொண்டுவருகிறவர்கூட “அந்த ரெண்டு பார்ட்டி ஊடு” என்று கேட்டுத்தான் வழி கண்டுபிடிக்கிறார். நிவேதிதா கம்பெனியில் புதிதாகச் சேர்கிறவர்களுக்குப் பயிற்சி கொடுக்கிற பொறுப்புக்கு உயர்ந்துவிட்டாளாம். பயிற்சியின் முதல் பாடம் நாங்கள்தான் என்று அவளே ஃபோனில் சொன்னாள்.

சாயங்காலம் கலைவாணி பள்ளிக்கூடம் விட்டு வந்து ஸ்கூட்டரை நிறுத்துகிற சத்தம் கேட்டால், யாழினி ஹாலிலிருந்தே குரல் கொடுப்பாள்: “வாங்க மேடம், வர்ற வழியில டிராஃபிக்கா?” எத்திராஜ் எப்போதாவது பேரப்பிள்ளைகளோடு வந்திருந்தால் அவரும் சேர்ந்துகொள்வார். கலைவாணியும் கெத்தாகத் தலையாட்டிக்கொண்டே உள்ளே வருவாள்.

நான் மட்டும் அதைச் சொல்வதில்லை. எழுந்து மட்டும் நின்றுவிடுகிறேன்.